காதில் ஒரு குரல்... கண்ணில் ஓர் உருவம்... பைத்தியமா?

சாயங்காலம் நாலரை மணி. பனவடலிசத்திரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கரன்கோவில் போகிற பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அடுக்களையில் மாமியார் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறார். ரெண்டு டம்ளர். மருமகள் பார்க்கிறாள். வீட்டில் இருப்பதே இவர்கள் ரெண்டு பேர்தான். அவளுக்குக் காபிப் பழக்கம் கிடையாது.

"யாருக்கு அத்தை இன்னொரு டம்ளரு?"

"மாமா வந்துட்டாவள்லா... சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்ட சத்தம் கேட்டுச்சே!"

மாமா காலமாகி மூணு மாசம் ஆகிறது!

மருமகளுக்குக் கை கால் ஜில்லிட்டுப் போகிறது. ராத்திரி, வெளியூரில் வேலை பார்க்கும் கணவருக்குப் போன் போடுகிறாள். அவர் பதறிப்போய்ச் சொல்லும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "யாருகிட்டயும் மூச்சு விட்றாத. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்." பக்கத்து வீட்டு மதினிக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. "கோடாங்கிகிட்ட ஒரு தடவ கேட்டுப் பாத்துருவோமா?" என்கிறார் அவர். 'எல்லாம் தெரிந்த' சித்தப்பா ஒருத்தர், "இது முத்திப் போறதுக்குள்ள திருநெல்வேலியில கொண்டுபோய்ச் சேத்துருங்க" என்கிறார்.

எல்லாருமே நல்லவர்கள்தான். ஆனால் அந்த அம்மாவை உட்கார வைத்து, "என்னத்தக் கேட்டீங்க? கேட்டப்போ எப்படி இருந்துச்சு?" என்று ஒருத்தர் கூடக் கேட்கவில்லை, பாருங்கள்!

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவுக்குப் பைத்தியம் இல்லை. அவர் இப்போது இருக்கிற நிலைமையில் ஏராளமானவர்களுக்கு இப்படி நேர்கிறது. இதை எண்ணிப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு டாக்டர் கேட்ட கேள்வி

இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ். அங்கே கிராமப்புறத்தில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் டெவி ரீஸ் என்பவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசினார். அதன் முடிவை 1971-ல் வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்துபோன துணையை ஏதாவது ஒரு விதத்தில் உணர்ந்ததாகச் சொன்னார்கள். நூற்றுக்குப் பதிமூன்று பேர் குரலைக் கேட்டிருந்தார்கள். பதினாலு பேர் உருவத்தையே பார்த்திருந்தார்கள். ரொம்ப வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இந்த அனுபவம் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு அது பயமாக இல்லை, ஆறுதலாகவே இருந்தது!

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த டாக்டர் கேட்கும்வரை அதை யாரிடமும் சொல்லவே இல்லை. சொன்னால் சிரிப்பார்களோ, சங்கடப்படுவார்களோ என்ற கூச்சம்தான்.

நம் ஊரில் அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிறோம். இலை போட்டு, அவருக்குப் பிடித்த பலகாரத்தைப் படைக்கிறோம். "அவரு இங்கனதான் சுத்திக்கிட்டு இருக்காரு" என்று பாட்டி சொன்னால் யாரும் திடுக்கிடுவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு டம்ளர் காபிக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நூற்றுக்கு எத்தனை பேர்?

துக்கத்தில் இருப்பவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். சாதாரணமாக வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, குடும்பம் நடத்துகிறவர்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் மனநலக் கணக்கெடுப்புகளை வைத்து, 18 நாடுகளைச் சேர்ந்த 31,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் பதில்களை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, மற்றவர்களுக்குத் தெரியாத உருவம் தெரிவது, யாரோ தன் மனசுக்குள் எண்ணங்களைத் திணிப்பதாகத் தோன்றுவது... இந்த மாதிரி ஓர் அனுபவமாவது வாழ்நாளில் வந்திருக்கிறது என்று நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஆறு பேர் சொன்னார்கள். தூக்கத்திலோ, போதையிலோ வந்ததைக் கழித்துவிட்டுச் சொல்லும் கணக்கு இது! அவர்களிலும் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு ஒரே ஒரு தடவை வந்ததோடு சரி.

அதாவது, நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற கல்யாணப் பந்தியில் ஐந்தாறு பேர் இப்படி ஒரு ரகசியத்தோடு இருக்கலாம். பாயசம் ஊற்றுகிறவராகக் கூட இருக்கலாம்.

மூளை செய்யும் ஊகம்

ஏன் இப்படி நடக்கிறது? ஒரு சின்ன விஷயத்தை யோசித்துப் பாருங்கள். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். குக்கர் விசில் கேட்டதுபோல் இருக்கிறது. கைக்குழந்தை உள்ள தாயாக இருந்தால், குழந்தை வீறிட்டு அழுவது போலவே கேட்கும்! ஈரத்தோடு ஓடிவந்து பார்த்தால் அது சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். சட்டைப் பையில் செல்போன் துடித்ததுபோல் இருந்து, எடுத்துப் பார்த்து ஏமாந்தது உங்களுக்கும் நடந்திருக்கும்.

காது கொடுப்பது அரைகுறைச் செய்தி. மீதியை மூளை ஊகம் பண்ணி நிரப்பிக்கொள்கிறது. எதை ரொம்ப எதிர்பார்க்கிறதோ, எதற்கு ரொம்பப் பயப்படுகிறதோ, அதைக் கொண்டுதான் நிரப்பும். முப்பது, நாற்பது வருஷம் நாலரை மணிக்கு சைக்கிள் வந்து நின்ற வாசல் அது. தெருவில் எங்கோ ஒரு கிணுகிணு சத்தம். மிச்சத்தை அந்த அம்மாவின் மூளை எழுதிவிட்டது. அவ்வளவுதான்!

இதில் மன அழுத்தத்துக்கு என்ன வேலை? ஊரில் திருட்டுப் பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராக்காவல் நிற்கிறவருக்கு வேலியோரத்து நிழல் ஒவ்வொன்றும் ஆளாகத் தெரியும். பனை ஓலை சலசலத்தால் காலடிச் சத்தம்! டென்ஷனாக இருக்கும் மூளையும் அந்தக் காவல்காரர் மாதிரிதான். கடன் தொல்லை, பரீட்சைப் பயம், மாமியார் மருமகள் மனஸ்தாபம், தனிமை... எதுவாக இருந்தாலும் உடம்பு உஷார் நிலைக்குப் போய்விடுகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. அதோடு தூக்கமும் கெட்டுவிட்டால், இல்லாததை இருப்பதாக ஊகம் செய்வது சுலபமாகிவிடுகிறது.

கல் நெஞ்சக்காரர்களுக்கும் இது உண்டு. தென்துருவப் பகுதியில் கப்பலை இழந்த எர்னஸ்ட் ஷேக்கிள்டன், 1916-ல் இரண்டு தோழர்களோடு தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலையைக் கடந்தார். ஏறக்குறைய 36 மணி நேரம், தூக்கமில்லாத நடை. மூன்று பேர்தான் போனார்கள். ஆனால் கூடவே நாலாவதாக ஒருவர் நடந்து வந்ததுபோல் இருந்தது என்று பிற்பாடு எழுதினார். தோழர்களுக்கும் அப்படித்தான் இருந்ததாம்!

அமுக்குவான்

விடிகாலை. முழிப்பு வந்துவிட்டது. கை காலை அசைக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குகிறார்கள். கத்த நினைத்தால் குரல் வரவில்லை. அறை மூலையில் கறுப்பாக ஓர் உருவம் வேறு! 'அமுக்குவான் பேய்' என்று நம் பக்கத்தில் சொல்வார்கள்.

கனவு காணும் தூக்கத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க, உடம்புத் தசைகளை மூளை தற்காலிகமாகக் கட்டிப்போடுகிறது. சில சமயம் முழிப்பு முதலில் வந்துவிடும், கட்டு அவிழச் சில விநாடிகள் தாமதமாகும். கனவின் மிச்சம்தான் அந்தக் கறுப்பு உருவம். 'தூக்க வாதம்' என்று இதற்குப் பெயர். ஆபத்து இல்லை, ஓரிரு நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிடும். பரீட்சைக்கு ராக்கண் முழித்துப் படிக்கிற பிள்ளைகளுக்கும், நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கும் அடிக்கடி வரும். மல்லாக்கப் படுத்தால் கூடுதலாக வரும். தலைமாட்டில் இரும்பு வைப்பதில் தப்பில்லை. ஆனால் நேரத்துக்குத் தூங்குவதுதான் வைத்தியம்.

அதேபோல, கொடை விழாவில் சாமியாடுகிறவர்களைப் பார்த்து, படித்த பிள்ளைகள் "இது மெண்டல் கேஸ்" என்று கேலி பேசுவதுண்டு. தப்பு! மேளமும் வில்லுப்பாட்டும் உச்சத்துக்குப் போகும்போது அருள் வருகிறது. ஊர் அதை ஏற்றுக்கொள்கிறது. திருநீறு கொடுத்து முடித்ததும் இறங்கிவிடுகிறது. மறுநாள் அவர் வழக்கம்போல வயலுக்குப் போகிறார். வந்து போகும் நேரமும் இடமும் அதற்கு உண்டு, அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கவில்லை. பிறகு எப்படி அது வியாதி ஆகும்?

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கண்புரையோ, வேறு கோளாறோ வந்து பார்வை மங்கிய சிலருக்கு, சின்னச் சின்ன மனிதர்கள், பூ வேலைப்பாடு, வரிசையாகப் போகும் பிள்ளைகள் என்று காட்சிகள் தெரியும். "முற்றத்துல யாரு வீட்டுப் பிள்ளைய விளையாடுது?" என்று கேட்பார்கள். அறிவு தெளிவாகவே இருக்கும். 1760-லேயே ஸ்விட்சர்லாந்தின் சார்ல்ஸ் போனே என்ற அறிஞர் தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை எழுதிவைத்தார். அவர் பெயரிலேயே இன்றும் அதை அழைக்கிறார்கள். முதலில் கண் டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம் இது!

கோயிலுக்குப் போகலாமா?

பனவடலிசத்திரத்துக்காரர்களுக்குச் சங்கரன்கோவிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கோமதி அம்மன் சந்நிதிக்கு எதிரே தரையில் இருக்கும் சக்கரத்தில், மனசு சரியில்லாதவர்களை உட்கார வைத்து வேண்டிக்கொள்வது காலங்காலமாக நடந்துவருகிறது. புற்றுமண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். "டாக்டர் படிப்பு படித்தவர்கள் இதையெல்லாம் திட்டத்தானே செய்வீர்கள்?" என்று கேட்கிறீர்களா? இல்லை.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் அவருடன் சேர்ந்தவர்களும், தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரின் முத்துசாமி கோயிலுக்குப் போனார்கள். அங்கே குணமாக வேண்டித் தங்கியிருந்த 31 பேரை, வந்தபோதும் கிளம்பியபோதும் பரிசோதித்தார்கள். பெரும்பாலோருக்கு இருந்தது சாதாரண டென்ஷன் இல்லை, மனச்சிதைவு போன்ற கடுமையான நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மாத்திரை கிடையாது. நோய்க் குறிகளின் அளவு ஏறக்குறைய இருபது சதவிகிதம் குறைந்திருந்தது! 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளியானது.

அங்கே பெரிய மந்திரமோ சடங்கோ நடக்கவில்லை என்பதுதான் அதில் விசேஷம். கூடவே ஒரு சொந்தக்காரர் தங்குகிறார். காலையில் பூஜை. பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சின்ன வேலைகள். யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை, காசு கேட்கவில்லை. அந்த அரவணைப்பே பாதி மருந்தாக இருந்திருக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் மாநிலத்திலேயே நடந்தது. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீ. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். ஓடக்கூட முடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்து விசாரித்தது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது.

ஆகவே கோயிலுக்கோ, தர்காவுக்கோ, மாதா கோயிலுக்கோ தாராளமாகப் போங்கள். ஆனால் கட்டிப்போடுகிற இடம், அடிக்கிற இடம், பட்டினி போடுகிற இடம், "மாத்திரையை நிறுத்து" என்று சொல்கிற இடம்... அங்கே ஒரு நிமிஷம் கூட நிற்காதீர்கள்.

வீட்டில் என்ன செய்வது?

அந்த மருமகளிடமே திரும்பி வருவோம். "அப்படி ஒண்ணும் இல்ல, உங்களுக்குக் கிறுக்கா?" என்று அவள் சண்டை போடக் கூடாது. "ஆமா அத்தை, எனக்கும் கேட்டுச்சு" என்று பொய்யும் சொல்லக் கூடாது. "எனக்குக் கேக்கல அத்தை. உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு? பயமா இருந்துச்சா?" என்று கேட்டாலே போதும். அழுதால் அழட்டும். ராத்திரி தூங்குகிறாரா, மூணு வேளை சாப்பிடுகிறாரா, பிரஷர், சர்க்கரை மாத்திரை விடாமல் போடுகிறாரா என்று பார்த்துக்கொள்ளட்டும். சாயங்காலம் அந்த நாலரை மணிக்குத் தனியாக விடாமல், கூட உட்கார்ந்து பூக் கட்டலாம், கோயிலுக்கு நடந்துபோய் வரலாம். ரெண்டாவது டம்ளரைப் பிடுங்க வேண்டாம். நாளாக ஆக, அந்தச் சத்தம் பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும்.

குரல் என்ன சொல்கிறது என்பதுகூட நம்மைச் சுற்றி இருப்பவர்களைப் பொறுத்தது போலிருக்கிறது. சென்னையில் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய 'ஸ்கார்ப்' அமைப்பின் மருத்துவர்களும், அமெரிக்க மானுடவியலாளர் டான்யா லூர்மனும் சேர்ந்து, மாயக்குரல் கேட்கும் நோயாளிகளிடம் பேசினார்கள். கலிபோர்னியாவில் 20 பேர், கானா நாட்டில் 20 பேர், சென்னையில் 20 பேர். அமெரிக்கர்களுக்குக் கேட்ட குரல்களில் வெட்டு, குத்து, ரத்தம் அதிகம். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொந்தபந்தங்களின் குரல்! "போய்க் குளி", "சமையலைக் கவனி" என்கிற மாதிரி அதட்டல்கள், புத்திமதிகள். நோய் ஒன்றுதான். ஆனால் உறவுகள் உள்ளேயும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

குரல் தினமும் கேட்கிறது, வாரக்கணக்கில் நீடிக்கிறது. தனக்குத் தானே பேசிச் சிரிக்கிறார். சாப்பாட்டில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டுச் சாப்பிட மறுக்கிறார். குளிப்பதில்லை, வேலைக்குப் போவதில்லை. காலேஜ் போகும் பையன் கதவைச் சாத்திக்கொண்டே கிடக்கிறான். இவையெல்லாம் தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள். கஞ்சாப் பழக்கம் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை! மனச்சிதைவு வரும் அபாயத்தை அது கூட்டுகிறது. "செத்துப் போ", "அவனை அடி" என்று குரல் உத்தரவு போட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

குடியை நிறுத்திய ரெண்டு மூணு நாளில், "சுவர்ல பூச்சி ஊருது" என்று கை நடுங்கப் பேசினால் அது உயிருக்கே ஆபத்து. வயசானவர் நேற்றுவரை நன்றாக இருந்து இன்றைக்குத் திடீரென்று உளறினால், சிறுநீரில் தொற்றோ, ரத்தத்தில் உப்புக் குறைவோ இருக்கலாம். இதற்கெல்லாம் வேண்டியது முதலில் பொது மருத்துவர்.

கடைசியாக, பேறுகாலம் முடிந்த வீடுகளுக்கு. பிரசவமாகி முதல் ரெண்டு வாரத்துக்குள், ஆயிரம் தாய்மார்களில் ஒருவர் அல்லது இருவருக்குக் கடுமையான மனநோய் வருகிறது. பழைய காலத்தில் 'சன்னி கண்டுடுச்சு' என்றார்கள். முதலில் தூக்கம் போய்விடும், குழந்தை தூங்கினாலும் தாய் தூங்க மாட்டாள். பேச்சு அவசர அவசரமாக வரும், இல்லையென்றால் ஒன்றுமே பேசாமல் வெறித்துப் பார்ப்பாள். "இது என் பிள்ளை இல்ல, மாத்தி வச்சிட்டாவ" என்பாள். இந்த இடத்தில்தான் குடும்பங்கள் தப்புச் செய்கின்றன. தீட்டு கழியட்டும், காத்துக் கருப்பு, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று பத்து நாள் மறைக்கிறார்கள். அந்தப் பத்து நாளில் தாயோ பிள்ளையோ போய்ச் சேர்ந்துவிடலாம்! சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகக் குணமடைந்து, அதே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடுவார்கள். அவளைத் தனியாக விடாதீர்கள். குழந்தையோடும் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், கர்ப்பமானதுமே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பஸ் ஏற முடியாதவர்கள், சொல்லத் தயங்குகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. காசில்லை, தமிழிலேயே பேசலாம். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதியில் ஆரம்பித்தது, என்ன கேட்டது அல்லது தெரிந்தது, எத்தனை மணி நேரத் தூக்கம், என்னென்ன மாத்திரை, குடியோ புகையோ உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா. எழுதும்போது பாதிக்கப்பட்டவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள்.